வார்னிங் சாரும் வேலை இல்லாத விருந்தாளிகளும்

இந்தப் பூமியில் யாரையும் சும்மா உட்கார வைக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் வார்னிங் சார்தான். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கித் தேடினாலும் இன்னொருவர் கிடைக்க மாட்டார். அப்படியே கிடைத்தாலும் இரண்டு பேரையும் ஒரே ரயிலில் ஏற்றிவிடக் கூடாது. பெட்டியில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி டீக்கடைக்காரர், கூரியர் கொண்டு வருகிறவர், எங்கள் எம்.டி. எல்லோருக்கும் அவர் வார்னிங் சார். குள்ளமாக இருப்பார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு நீளமான நோட்டு, எந்தப் பருவத்திலும் குடை. அஸ்தினாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாகக் குடியிருந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஆபீசில் கேட்காத ஆள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருந்தார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் எல்லாக் காரணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவருக்குக் கல்யாணம் நடக்க வாய்ப்பே இருந்ததில்லை என்பதும், ஏழு முறை கிட்டத்தட்ட நடந்துவிட்டது என்பதும் ஒரே நேரத்தில் உறுதியாயிற்று.

ஆபீஸ் அப்போது மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டுகளை இயக்கும் கண்ட்ரோல் போர்டு செய்யும் கம்பெனி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் மூச்சு வாங்கியபடி வாசலில் நின்று, “லிஃப்ட் போர்டு பண்றது இங்கதானா?” என்று சந்தேகத்தோடு கேட்பார்கள். நான் டெஸ்டர். மற்றவர்கள் செய்து முடித்ததில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. ஆகவே அந்த ஆபீசில் என் சீட்டுப் பக்கம் பிரியமாக யாரும் வந்ததில்லை. வீட்டிலும் அதிகம் பேச்சுக் கிடையாது. கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் எட்டு மாதம் கடலில். சிக்னல் கிடைத்தால் பேசுவார். கிடைக்காத நாட்களில் நான் சேலையூர் வீட்டில் டி.வி.யோடு பேசிக்கொண்டிருப்பேன்.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் இந்தப் பக்கத்தை வாசிப்பார்கள் என்பதால் அந்த வார்னிங் என்ன சமாச்சாரம் என்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், ஒரே பத்திதான். எங்கள் போர்டுக்கு உள்ளே ஓடும் புரோகிராம் சி என்கிற மொழியில் எழுதப்பட்டது. அது சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டைக் கூப்பிடும்போது சில தகவல்களைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். எந்த மாடி, எவ்வளவு பாரம், கதவு திறந்திருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா. இவற்றுக்குப் பாராமீட்டர் என்று பெயர். எல்லா மாடல் லிஃப்டுக்கும் கூப்பிடுகிற முறை ஒன்றுதான் என்பதால், ஃபேனே இல்லாத லிஃப்டுக்கும் ஃபேன் தகவல் வந்து நிற்கும். அங்கே அதற்கு வேலை இருக்காது. நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிற கம்பைலர், அப்போது ஒரு வரி எழுதும்: ஃபேன் என்று ஒருவர் வந்திருக்கிறார், அவரை யாரும் பயன்படுத்தவில்லை. தப்பு என்று சொல்லாது, வேலையையும் நிறுத்தாது. சொல்லி வைக்கும், அவ்வளவுதான். அதுதான் வார்னிங்.

இதற்கு ஊர் உலகத்தில் இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, இந்த மாதிரி வார்னிங்கே வேண்டாம் என்று கம்பைலரின் வாயை மொத்தமாக அடைத்துவிடுவது. எங்கள் ஆபீசில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது, அந்தப் பாராமீட்டரின் பெயருக்கு முன்னால் ‘வாய்டு’ என்று போட்டு ஒரு வரி எழுதுவது. தெரிந்துதான் விட்டிருக்கிறோம், நீ சும்மா இரு என்று அர்த்தம். அந்த வரி எந்த வேலையும் செய்யாது. கம்பைலர் சமாதானமாகிவிடும்.

வார்னிங் சார் வேலையில் சேர்ந்த முதல் நாள் அடைத்த வாயைத் திறந்துவிட்டார். திரையில் ஆயிரத்துச் சொச்சம் வரிகள் கொட்டின. மேனேஜர் ஓடி வந்து, எதை உடைத்தீர்கள் என்று கேட்டார். “ஒண்ணும் உடைக்கல சார். இத்தனை பேர் வந்து உக்காந்திருக்காங்க. வாங்கன்னுகூட நாம யாரையும் கேக்கல” என்றார் வார்னிங் சார். மேனேஜர் திரும்பி வரவேற்பறையை எட்டிப் பார்த்தார். அங்கே தண்ணீர் கேன் மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து ஆபீசில் ஒரு சட்டம் வந்தது. வாய்டு வரி எழுதலாம், ஆனால் அதற்குப் பக்கத்தில் மூன்று விஷயம் குறிப்பு எழுத வேண்டும். வந்திருப்பவர் யார், யார் அனுப்பி வந்தார், எப்போது அவருக்கு வேலை கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்க அவர் நோட்டும் கையுமாக ஒவ்வொரு சீட்டாக வந்து விசாரிப்பார். “இந்த டெம்பரேச்சர் யார் வூட்டு ஆளு?” என்று அவர் கேட்டால் அதை எழுதினவர் கையைத் தூக்க வேண்டும். எழுதினவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அவருடைய புதுக் கம்பெனிக்கே போன் போகும். நாவலூரில் வேறொரு கம்பெனியில் சேர்ந்து பெரிய மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த ஒருவரை அழைத்து, நாலு வருஷத்துக்கு முன்னால் டோர் மோட் என்று ஒருத்தரைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் பதறிப்போய், எந்த ஸ்டேஷனிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டாராம்.

அவர் எழுதிய குறிப்புகளை நான் ஆசையாக வாசிப்பேன். ஒன்று இப்படி இருந்தது: ‘இது ஃபேன் இல்லாத மாடல். ஃபேன் உள்ள மாடல் வந்தால் கண்டிப்பாகக் கூப்பிடுவோம். அதுவரை ஸாரி.’ ஒரு பாராமீட்டரிடம் மன்னிப்புக் கேட்ட புரோகிராமர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

காட்டாங்குளத்தூரில் படித்துவிட்டு வந்த கார்த்திக் என்கிற புரோகிராமருக்கு இந்த விசாரணையெல்லாம் பெரிய பேஜாராக இருந்தது. புதிய கம்பைலர்களில் பாராமீட்டரின் பெயரையே எழுதாமல் விட்டுவிடலாம், வகையை மட்டும் எழுதினால் போதும், வார்னிங்கே வராது என்று ஒரு நாள் வந்து சொன்னான். வார்னிங் சாரின் முகம் சுருங்கிவிட்டது.

“பேர் இல்லாமயா உக்கார வைக்கறது?” என்றார்.

“சார், அது வெறும் நம்பர் சார்.”

“நம்பர்தான். இருந்தாலும் வந்திருக்கில்ல?”

கார்த்திக் என்னைப் பார்த்தான். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதுபோல் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

இந்தக் குணம் புரோகிராமோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மீட்டிங்கிலும் தொடர்ந்தது. ஒரு முறை ஒன்றரை மணி நேர மீட்டிங் முடிந்து எல்லோரும் நாற்காலியைத் தள்ளும்போது அவர் கையைத் தூக்கினார். இங்கே பதினோரு பேர் வந்தோம், நாலு பேர் வாயே திறக்கவில்லை, ஒன்று அவர்களுக்கு வேலை கொடுங்கள், இல்லை எதற்குக் கூப்பிட்டோம் என்று ஒரு குறிப்பாவது எழுதுங்கள் என்றார். அந்த நாலு பேரில் ஒருவர் எம்.டி. இன்னொருவர் எம்.டி.யின் மச்சான். அன்று சாயங்காலமே வார்னிங் சாருக்கு மீட்டிங் அழைப்பு போவது நின்றுவிடும் என்று பந்தயம் கட்டியவர்கள் ஜெயித்தார்கள்.

ஆனால் அந்த நாலு பேரில் மூன்றாவது ஆள் நான். சேர்ந்து மூன்று மாதமாகியும் ஒரு மீட்டிங்கிலும் என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. எல்லோரும் எழுந்து நின்ற அந்தக் குழப்பத்திலும் அவர் என் பக்கம் திரும்பி, “மேடம், ஓவர்லோடு ஆனா அடிக்கிற அந்த பஸ்ஸர், உங்களுக்கு ஓகேவா?” என்று கேட்டார். ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். அது மனிதர்களைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது, கடைசியாக ஏறினவருக்கு அவமானமாகிவிடும் என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த மாடலில் சத்தம் இரண்டு சின்ன மணியோசையாக மாறியது. தென்சென்னையில் சில அபார்ட்மெண்ட்களில் லிஃப்ட் மரியாதையாக ‘கொஞ்சம் இறங்குங்களேன்’ என்பதுபோல மணி அடித்தால், அது நான். எனக்கு வாழ்க்கையில் அது ஒரு பெருமை.

பல்லாவரத்தில் கார்த்திக்கின் கல்யாணம் நடந்தது. மண்டபத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் வார்னிங் சார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் யார், யார் கூப்பிட்டு வந்தீர்கள் என்று வழக்கமான விசாரணை. பெரியவர் பெண்ணுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா, பத்து வருஷமாகக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லை, பத்திரிகை வந்ததென்று வந்துவிட்டார், இப்போது யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை. வார்னிங் சார் அவர் கையைப் பிடித்து நேராக மேடைக்கு அழைத்துப் போய்விட்டார். பெண்ணின் அப்பா தம்பியைப் பார்த்து அழ, தம்பி அண்ணனைப் பார்த்து அழ, போட்டோகிராபர் அதையும் எடுத்தார். இன்றைக்கும் கார்த்திக் வீட்டு ஆல்பத்தில் குடும்பப் போட்டோவின் நடுவில், மாப்பிள்ளைக்கும் சித்தப்பாவுக்கும் இடையில், குடையோடு வார்னிங் சார் நிற்கிறார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் மாமா என்று நினைத்து வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். அவர் அதை அடுத்த நாளே திருப்பிக் கொடுக்கப் போய், அங்கேயும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

ஒரு நாள் ஆபீஸ் டீக்கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றிருந்தோம். இந்த ஒரு வார்னிங்கைக் கட்டிக்கொண்டு ஏன் இவ்வளவு மாரடிக்கிறீர்கள் என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஏற்கனவே ஆறிப்போயிருந்தது.

“எனக்கு ஒரே பயம்தான் மேடம். லிஸ்ட்ல பேர் இருக்கும். யாரும் கூப்பிட மாட்டாங்க. இல்லாமப் போனாக்கூட தெரியாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. மாதக்கணக்கில் கடலில் இருக்கும் மனிதரின் மனைவிக்கு அந்தப் பயம் என்னவென்று நன்றாகவே தெரியும்.

இப்போது அந்த லிஃப்ட் கதை. வார்னிங் சார் தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாரம் லீவு போட்டார், கண் ஆபரேஷனுக்காக. அவர் படியிறங்கிப் போன சத்தம் அடங்குவதற்குள் மேனேஜர் கார்த்திக்கைக் கூப்பிட்டு, எல்லாப் பாராமீட்டருக்கும் தானாகவே வாய்டு வரி போட்டுவிடுகிற மாதிரி ஒன்று எழுதச் சொன்னார். கார்த்திக் அரை நாளில் எழுதி முடித்தான். வேலை உள்ளவர், வேலை இல்லாதவர் என்று பார்க்காமல் அது அத்தனை பேர் தலையிலும் ஒரு வாய்டு போட்டது. வார்னிங் ஒன்றுகூட இல்லை. மேனேஜர் கேக் வாங்கினார்.

அந்த வாரம் நாவலூர் பக்கம் ஒரு புதுக் கட்டடத்தில் புது போர்டைச் சோதிக்கப் போனோம். எடைக்கற்கள் வர வேண்டிய லாரி எங்கோ மாட்டிக்கொண்டது. நாமே ஏறிப் பார்த்துவிடலாம், லிஃப்ட் நகரப் போவதில்லை, மணி அடித்தால் போதும் என்றார் மேனேஜர். எட்டுப் பேர் போகும் லிஃப்டில் பன்னிரண்டு பேர் நெருக்கி ஏறினார்கள். நான் வெளியே நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. உள்ளேயிருந்து மேனேஜரின் குரல் மட்டும் வந்தது: “நாமெல்லாம் ஒல்லியா இருக்கோம்பா.” அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் பன்னிரண்டு பேரையும் அமைதியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மேலே போய்க் கீழே வருகிறவரை ஒருவரும் மூச்சு விடவில்லை என்று பிறகு சொன்னார்கள். மூச்சு விட இடம் இருந்திருக்காது.

காரணம் சின்னது. புது மாடலுக்கு எழுதும்போது, வந்த பாரத்தைப் பார்த்து மணியடித்துக் கதவை நிறுத்துகிற வரியைக் கார்த்திக் எழுத மறந்திருந்தான். வாய் திறந்திருந்தால் கம்பைலர் அன்றைக்கே சொல்லியிருக்கும், பாரம் என்று ஒருவர் வந்திருக்கிறார், யாரும் கண்டுகொள்ளவில்லை என்று. அவன் எழுதியதே அவன் தப்பை மூடிவிட்டது. கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வார்னிங் சார் திரும்பி வந்தபோது எல்லோரும் திட்டு வாங்கத் தயாராக நின்றோம். அவர் திட்டவில்லை. “பாவம் லோடு. எத்தன நாளா சும்மா நின்னுச்சு?” என்று மட்டும் கேட்டார். கார்த்திக் அன்றிலிருந்து அவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே சீட்டு சீட்டாகச் சுற்றினான்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆபீஸ் நாவலூருக்கு மாறியது. பெரிய கண்ணாடிக் கட்டடம், ஆறு லிஃப்ட், ஒன்றிலும் எங்கள் போர்டு இல்லை. அப்புறம் வீட்டிலிருந்தே வேலை என்று ஆயிற்று. என் உலகம் சேலையூர் வீட்டின் ஒரு மேஜைக்குள் வந்துவிட்டது. மீட்டிங்கில் பதினைந்து சின்னக் கட்டங்கள், கட்டத்துக்குள் பெயர்கள், முகம் கிடையாது. “ஸ்டெல்லா மேடம், எனிதிங்?” என்று கேட்டுவிட்டு, நான் மைக்கைத் திறப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். வார்னிங் சாரை அந்த நாட்களில்தான் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு ஈமெயிலில் முடித்துவிட்டார்கள். அவருக்கு வழியனுப்பு விழா நடக்கவில்லை. வார்னிங் இல்லாத புரோகிராமுக்குக் கேக் வெட்டிய நாங்கள் அவருக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பழைய தாம்பரம் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. நாற்பத்திரண்டு பேர். அதில் அவரும் இருந்தார், ஆனால் ஒரு வரி எழுத மாட்டார். அவருடைய வேலை வேறு. குரூப்பில் ரொம்ப நாளாக யார் பேசவில்லை என்று பார்த்து, அவர்களுக்குப் போன் செய்வார். எனக்கும் வந்தது. ஜுரத்தில் நாலு நாள் படுத்துக் கிடந்தேன், கணவர் எந்தச் சமுத்திரத்தில் இருந்தாரோ தெரியாது. போனை எடுத்ததும் ஹலோ இல்லை, நலமா இல்லை. “மேடம், வார்னிங் வந்துது. அதான்” என்றார். நான் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் குறுக்கிடவில்லை. அழுது முடித்ததும், கஞ்சி குடித்தீர்களா என்று கேட்டார்.

அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை அவர் போன் வரும். நானும் குரூப்பில் எழுதுவதில்லை, எழுதினால் வார்னிங் வராதே என்று. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. மழையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்தும் வரவில்லை. நான் அழைத்தேன், சுவிட்ச் ஆஃப். மறுநாளும் சுவிட்ச் ஆஃப். குரூப்பில் எழுதினேன்: ‘நம்ம வார்னிங் சாரைப் பற்றி யாருக்காவது தெரியுமா?’ முதலில் ஒரு கட்டைவிரல் வந்தது. எதற்கென்று தெரியவில்லை. பிறகு ஒருவர், முழுதாகப் படிக்காமல், ‘ஹாப்பி பர்த்டே வார்னிங் சார்’ என்று போட்டார். அதோடு போயிற்று. பத்து நிமிஷத்தில் இருபத்தாறு பேர் வாழ்த்திவிட்டார்கள். கேக் படம், பலூன் படம், கைகூப்பிய படம். எம்.டி.யின் மச்சான் நூறாண்டு வாழ்க என்று எழுதினார். என் கேள்வி மேலே மேலே போய்க் காணாமல் போனது. இன்னொரு முறை கேட்டேன். ‘அவர் பிஸியா இருப்பார், பர்த்டே இல்லையா’ என்று பதில் வந்தது. கார்த்திக் ஜெர்மனிக்குப் போய் ஒரு வருஷமாகியிருந்தது, அவன் எண் மாறிவிட்டது.

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாம்பரத்தில் ரயில் ஏறி குரோம்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். அவர் வீட்டுக்கு நான் போனதேயில்லை. தெரு பெயர் மட்டும் தெரியும். பதினோரு வருஷப் பழக்கத்தில் வீட்டு எண்ணைக் கேட்டு வைக்கவில்லையே என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். கெட்டதாக என்னென்னவோ தோன்றியது. தெருவில் மழைத் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. மூன்றாவது வீட்டு வாசலில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த அக்காவிடம், எப்போதும் குடை வைத்திருப்பாரே, தனியாக இருப்பாரே என்று அடையாளம் சொன்னேன்.

“அவுரா? மேல தான் கீறாரு. கைய ஒட்ச்சிக்கினு உக்காந்துகினு கீறாரு. நீ இன்னா ஒறவு?”

உயிரோடு இருக்கிறார் என்ற ஒரு வார்த்தைக்கு அப்புறம் எனக்கு அந்த அக்கா கேட்ட கேள்வியே காதில் விழவில்லை. படியில் ஓடினேன்.

வலது கை முழுக்கக் கட்டு. குரோம்பேட்டை ஸ்டேஷன் படியில் மழையில் வழுக்கி விழுந்திருக்கிறார். போன் தண்டவாளத்தில் போய் விழுந்து நொறுங்கிவிட்டது. எண்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. நோட்டில் பெயர்கள் மட்டும்தான். மூன்று வாரமாகக் கீழ்வீட்டு அக்காதான் சாப்பாடு அனுப்புகிறார். மற்றபடி ஒருவரும் வரவில்லை. நான் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். மெதுவாகக் கேட்டார்.

“குரூப்ல யாராவது கேட்டாங்களா மேடம்?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. போனை எடுத்து அந்த வாழ்த்துகளைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பலூன், கேக், கைகூப்பு, நூறாண்டு.

“என் பர்த்டே ஆடி மாசம்” என்றார். அப்புறம் சிரித்தார். “இதெல்லாம் வாய்டு மேடம். எழுதியாச்சு, வேலை ஒண்ணும் நடக்கல. நீங்க எப்படி வந்தீங்க?”

“உங்க போன் வரல சார். அதான்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. ஆபரேஷன் செய்த கண் என்பதால் மழைக் காற்று ஒத்துக்கொள்ளாது என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்.

“நாப்பத்திரண்டு பேரும் கேக்கணும்னு இல்ல மேடம். ஒரு எடத்துல யூஸ் ஆனா போதும். அந்த வார்னிங் போயிடும்.”

கம்பைலரைப் பொறுத்தவரை அது உண்மை. எத்தனை இடத்தில் என்று அது கணக்குக் கேட்பதில்லை.

மேஜை மேல் அந்த நீளமான நோட்டு இருந்தது. புரட்டினேன். நாற்பத்தொரு பெயர்கள், பெயருக்கு நேரே கடைசியாகப் பேசிய தேதி, பக்கத்தில் ஒரு வரி. ‘மகளுக்குப் பரீட்சை, பிறகு கூப்பிட வேண்டும்.’ ‘வேலை போய்விட்டது, யாரிடமும் சொல்லவில்லை.’ என் பெயருக்கு நேரே, ‘கப்பல் தையில் வரும். அதுவரை வெள்ளிக்கிழமைகள்.’ அவருடைய பெயரை மட்டும் அவர் எழுதியிருக்கவில்லை. பேனாவை வாங்கிக் கடைசியில் வார்னிங் சார் என்று எழுதி, தேதி போட்டேன். குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ‘குழம்பில் உப்பு கம்மி, மற்றபடி நலம்’ என்று எழுதினேன். கீழ்வீட்டு அக்கா கொடுத்த குழம்பை நானும் அங்கேயே சாப்பிட்டிருந்தேன்.

கட்டுப் பிரித்தாயிற்று. கப்பலும் வந்து, திரும்பவும் போய்விட்டது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான்தான் போன் செய்கிறேன். அவர் எடுத்ததும், “வார்னிங் ஒண்ணும் இல்ல மேடம்” என்பார். எனக்கும் ஒன்றும் இல்லை என்பேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசுவோம்.